மீட்டரில் ஏறாத கணக்கு

சர்க்கரை நோய்க்காரருக்குச் சொல்லப்படுவதில் முக்கால்வாசி 'வேண்டாம்' என்றே முடிகிறது. மாம்பழம் வேண்டாம், இனிப்பு வேண்டாம், இரண்டாம் தடவை சோறு வேண்டாம். கல்யாணப் பந்தியில் பாயச வாளி நெருங்கும்போது இலைக்கு மேல் கையை விரித்து மறைக்கிற நொடியில், பக்கத்து இலைக்காரருக்கு நம் மருந்துச் சீட்டு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. "எத்தனை வருஷமா?" என்பார். இத்தனை விலக்குகளுக்கு நடுவே 'செய்' என்று சொல்லப்படுவது, மாத்திரையை விட்டால், நடை ஒன்றுதான். அதனாலேயே அதன் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

*

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டியது. ஒரு பக்கம் ஏறக்குறைய ஆயிரம் அடி. நாலு பக்கமும் சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். விடிவதற்கு முன்பே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். கையை வீசி வேகவேகமாகப் போகிறவர்கள், காதில் பாட்டோடு போகிறவர்கள், நடக்க வந்து சுவரில் உட்கார்ந்துவிட்டவர்கள். நடையின் அருமையைப் பற்றி அதிகம் பேசுவது இந்தக் கடைசி வகையினர்தான். அருகம்புல், வாழைத்தண்டு, பாகற்காய்ச் சாறு விற்கிற தள்ளுவண்டிகள். ஓர் ஓரத்தில் மடக்கு மேஜை போட்டுச் சுகர் பார்க்கிற பையன்.

அந்த மேஜையை நான் நின்று கவனிப்பேன். விரல் நுனியைப் பஞ்சால் துடைக்கிறான். ஊசி 'டிக்' என்று பட்டதும் பொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப் உறிஞ்சுகிறது. அதன் பிறகு வரும் சில நொடிகளில், பேரன் பேத்தி எடுத்தவர்கள் முகத்தில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கிற பயம் வந்து போகும். எண் இறங்கியிருந்தால் நேரே எதிர்க்கடையில் வடை. ஏறியிருந்தால் "ராத்திரி அந்த ரெண்டு தோசையை விட்டிருக்கலாம்" என்று தன் மேலேயே குற்றப்பத்திரிகை.

மூச்சு வாங்க ஓடிவிட்டு உடனே பார்த்தால் சில சமயம் எண் ஏறித்தான் காட்டும். கடும் உழைப்பின்போது ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. விடியற்காலை வேறு, கண் விழிக்கும் முன்பே உடம்பு தானாகச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றி வைக்கிற நேரம் அது. இது தெரியாமல், "நடந்தும் ஏறுதே, அப்புறம் எதுக்கு?" என்று அன்றோடு செருப்பைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

*

நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. ரத்தத்தில் ஓடும் சர்க்கரை தசைக்குள் போக வேண்டுமானால், தசைச் செல்லுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் குளுட்4 என்ற புரதம் மேல்பரப்புக்கு வர வேண்டும். வழக்கமாக இன்சுலின் சொன்னால்தான் வரும். எங்களைப் போன்றவர்களின் உடம்பில் இன்சுலினின் பேச்சு எடுபடுவதில்லை. ஆனால் தசை சுருங்கி விரிந்தால், இன்சுலினின் உத்தரவுக்குக் காத்திராமலே அந்தப் புரதம் மேலே வந்துவிடுகிறது. தொடை, புட்டம், கெண்டைக்கால் என்று பெரிய தசைகளில் பலவும் இடுப்பிலும் அதற்குக் கீழேயும்தான் இருக்கின்றன. இன்சுலின் தோற்ற இடத்திலும் கால்களுக்கு ஒரு குறுக்குவழி திறந்தே இருக்கிறது.

நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்வரை, தசை இன்சுலினுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செவிகொடுக்கும். வாரத்துக்கு 150 நிமிடம் என்கிற மருத்துவர்கள், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிடாதீர்கள் என்று சேர்த்துச் சொல்வது இதற்காகத்தான். வாரம் முழுக்க உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் கடனைத் தீர்க்கும் திட்டம் இங்கே செல்லாது. தசைக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பளு வேண்டும் என்றும் சொல்கிறார்கள். நம் ஊரில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நாற்காலியைப் பிடிக்காமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தால் அதுவும் பளுதான்.

2013-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு. சர்க்கரை பார்டரில் இருந்த முதியவர்களை மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பதினைந்து பதினைந்து நிமிடம் நடக்க விட்டார்கள். காலையில் ஒரே தடவையாக நாற்பத்தைந்து நிமிடம் நடந்ததற்கு ஈடாக நாள் முழுக்கச் சர்க்கரை கட்டுப்பட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற ஏற்றத்தை அடக்குவதில் இந்தத் துண்டு நடையே மிஞ்சி நின்றது.

*

சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மிட்டாய். மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு நடக்கிறவருக்கு லோ சுகர் வந்தால் வேர்க்கும், கை நடுங்கும், பசி கண்ணை இருட்டும். மீட்டரில் 70-க்குக் கீழே போய்விட்டால் யோசிக்க நேரமில்லை. சுகர்காரர் பையில் மிட்டாய் இருக்கும் என்பது தெரு முழுக்க உள்ள பிள்ளைகளுக்குத் தெரியும்.

*

சுசுருத சம்ஹிதையில், நீரிழிவும் சேர்ந்த மேக நோய்க்குச் சொன்ன வைத்தியத்தில் உடற்பயிற்சியும் உண்டு. நோய் முற்றியவனுக்கு மல்யுத்தம், யானையேற்றம், குதிரையேற்றம். பொருளும் உறவும் இல்லாதவனுக்கு நடை. குடையும் செருப்பும் இல்லாமல், பிச்சை எடுத்து உண்டு, ஓர் ஊரில் ஓர் இரவுக்கு மேல் தங்காமல், நூறு யோசனைக்கு மேல் போகச் சொல்கிறது. யோசனையின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். எப்படிப் பார்த்தாலும் பல நூறு மைல். தலைமாட்டில் மாத்திரைப் பெட்டியை வைத்துக்கொண்டு இதைப் படிக்கும்போது, ஒருவனை வீட்டைவிட்டே அனுப்பிவிடுகிற அந்த மருந்தின் துணிச்சல் பிடித்துத்தான் இருக்கிறது.

அதில் இன்றைய மருத்துவர் பதறுகிற இடம் ஒன்று உண்டு: செருப்பில்லாமல் என்பது.

*

வெகுநாள் சர்க்கரை, கால் நரம்புகளை மெல்ல மெல்ல ஊமையாக்கும். முதலில் எரிச்சல், பிறகு மதமதப்பு, அப்புறம் ஒன்றும் தெரியாது. கால் மரத்துவிட்டதா என்று பார்க்க நைலான் இழை ஒன்று வைத்திருக்கிறார்கள். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் ஒவ்வொரு இடமாகத் தொடுகிறார்கள். "படும்போது சொல்லுங்க." பட்டுவிட்டதா, இனித்தான் படப்போகிறதா என்று தெரியாமல் மௌனமாக உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பார்ப்பது எளிதல்ல.

வலி இல்லாமல் போவதன் விபரீதத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் நம்மூரில் பிறந்தவர்தான். 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளோடு வேலை செய்தபோது, விரல்கள் நோயால் தாமாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் பட்ட காயத்தின் மேலேயே திரும்பத் திரும்பப் பட்டு அழிகின்றன என்று கண்டார். அந்தக் கால்களுக்காக அங்கே பழகிய மெத்தென்ற நுண்துளை ரப்பர்தான், இன்று சுகர்காரர்கள் கடையில் கேட்டு வாங்குகிற எம்.சி.ஆர். செருப்பு. பார்க்க அழகாக இருக்காது. கட்டைவிரலை அழுத்தாமல் முன்பக்கம் அகலமாக, பின்னால் பட்டை வைத்து இருக்கும். கல்யாண வேட்டிக்குக் கீழே அதைப் போடக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு.

சித்திரை வெயிலில் கோயில் பிரகாரக் கல் கொதிக்கும். மரத்த கால்காரர் நிதானமாகச் சுற்றுவார்; ஓடுகிறவர்களைப் பார்த்து "என்ன அவசரம்?" என்றுகூட நினைப்பார். வீட்டுக்கு வந்து படுக்கை விரிப்பில் ஈரத்தைப் பார்த்த பிறகுதான் கொப்புளம் உடைந்தது தெரியும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த பாதையும் தேங்காய்நார் விரிப்பும் எல்லா இடத்திலும் இருக்காது. சாயங்காலம் போனால் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்வதில்லை.

ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். குதிகால் வெடிப்பு, விரலிடுக்கு ஈரம், ஆணி தலைகாட்டுகிறதா என்பது. இத்தனை காலம் என்னைச் சுமந்த கால்களை நான் உற்றுப் பார்க்க ஆரம்பித்தது இந்த நோய் வந்த பிறகுதான்.

*

"ஒழுங்கா நடந்திருந்தா வந்திருக்காது." இதை ஒருமுறையாவது கேட்காத சுகர்காரர் இருக்க மாட்டார். சொல்பவர் பெரும்பாலும் உறவினர். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்.

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. பார்டரில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கைக்கொண்டவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 40.5. காலும் வாயும் சேர்ந்து மாத்திரைக்குச் சமமாக நின்றது பெரிய செய்தி. எனக்கு அதே அளவு பெரிதாகப் படுவது அந்த 39.3. சொன்னதைச் செய்தும் நோய் வந்தவர்கள் அவர்கள். பரம்பரையும் நம் உடல்வாகும் பாதி முடிவை முன்பே எழுதிவைத்திருக்கும்போது, ஒருவரின் நோயை அவருடைய சோம்பலுக்குச் சாட்சியாக நிறுத்துவது நியாயமாக எனக்குப் படவில்லை.

இந்தக் குற்றவுணர்ச்சியே ஒரு தனி நோய். சர்க்கரை உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது பல நாடுகளில் கண்டது. சோர்வென்று சொல்ல முடியாத ஒரு சலிப்பும் உண்டு: குத்திப் பார்த்து, எழுதிவைத்து, விலக்கி, மறுபடி குத்திப் பார்த்து. அதை அளக்க 1995-லேயே ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். நம் ஊர் ஐந்து நிமிட ஆலோசனையில் அதற்கு ஏது நேரம்? நடைக்கு மனச்சோர்வைத் தணிக்கிற குணம் உண்டு என்பதை ஆய்வுகள் சொல்கின்றன. நான் கண்டது இவ்வளவுதான்: நடந்த நாளில் மூன்று மாதச் சராசரி சுகரைப் பற்றிய நினைப்பு சாயங்காலம்வரை வருவதில்லை. அன்று எண் நன்றாக இருந்ததா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இருப்பதில்லை. நான் மறுநாளும் செருப்பை மாட்டுவது இதற்காகத்தான். எண்ணுக்காக என்றால் எப்போதோ விட்டிருப்பேன்.

*

தமிழ்நாடு உள்பட நான்கு பகுதிகளில் எடுத்து 2014-ல் வெளியான ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி என்று ஒன்றைச் செய்தவர்கள் பத்து சதவீதம்கூட இல்லை. ஓய்வு நேரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பகல் முழுக்கக் கலவைச் சட்டி சுமக்கிற சித்தாளிடம் "தினம் நடங்கம்மா" என்று சீட்டில் எழுதிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, நடந்தேதான் வீட்டுக்குப் போனார்.

என் மதினிக்கு ரோட்டில் நடக்கப் பிடிக்காது. நாய் ஒரு காரணம், தெருவில் உட்கார்ந்திருக்கும் கண்கள் இன்னொன்று. வீட்டுக்குள் அடுப்படிக்கும் கொல்லைக்கும் அலைவது நடையில் சேராதா என்று டாக்டரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தார். சேரத்தான் செய்யும், ஆனால் நின்று நின்று நடப்பதில் மூச்சு ஏறாது. இப்போது ராத்திரி இட்லி சாப்பிட்ட கையோடு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொடிக்கம்பிவரை, திரும்பவும் தொட்டிவரை. எதிர் மாடியிலும் ஒருவர் அதே நேரத்துக்கு ஏறிவிடுகிறார். இரண்டு பேரும் அவரவர் மாடியில் நடந்துகொண்டே, குறுக்கே தெரு இருக்கிற நினைப்பில்லாமல் பேசுவார்கள். எதிரெதிரே வரும்போது குரல் தணியும். விலகிப் போகப் போக உயரும். தெருவுக்கே பாதிக் கதை தெரியும்.

போன தடவை போனபோது, "சுகர் இப்ப எவ்வளவு மதினி?" என்று கேட்டேன்.

"அது ரிப்போர்ட்ல கெடக்கும் தம்பி. எதுத்த மாடி அக்கா பேத்திக்கு வரன் தெகஞ்சிருச்சு, தெரியுமா? மாப்பிள்ளை வீட்டைப் பத்திக் கேக்குறதுக்குள்ள அவங்க வீட்டுல கூப்பிட்டுட்டாங்க. இன்னைக்குக் கேட்டுருவேன். நீங்க சாப்பிட்டுட்டுத் தட்டைத் தொட்டியில போட்டுருங்க, நான் மேலே போறேன்."