துகளும் தராசும்

 

கடல்நீர் ஆவியாகி மேலே சென்றாலும், பற்றிக்கொள்ள ஒரு துகள் இல்லாமல் மேகத்துளி உண்டாவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கடலுப்புத் தூளையும் அதற்கு வித்தாக வல்ல அல்லாஹ் அமைத்திருக்கிறான்.

அதில் நம் புகையும் போய்ச் சேர்கிறது. மலாக்கா நீரிணை வழியே நம் கடைகளுக்குச் சரக்குக் கொண்டுவரும் கப்பல்களின் கந்தகப் புகை துகளாகி மேகத்தில் கலக்கிறது. துகள் மிகுந்தால் துளிகள் சிறுத்துப் பெருகுகின்றன, சீக்கிரம் மழையாக விழாமல் உயரே சென்று உறைகின்றன, மின்னல் மிகுகிறது. பக்கத்துக் கடலைவிடக் கப்பல் பாதையில் மின்னல் ஏறத்தாழ இரு மடங்கு என்று 2017-ல் ஆய்வாளர் கண்டனர். கப்பல் எண்ணெயில் நூற்றுக்கு 3.5 பங்கு வரை இருந்த கந்தக வரம்பு, 2020 ஜனவரி முதல் 0.5 ஆயிற்று. அப்பாதையின் மின்னலும் ஏறக்குறையப் பாதியாயிற்று.

சகோதரர்களே! சிறிதுதானே என்று தள்ளத்தக்கது எதுவுமில்லை. தராசில் நாம் குறைக்கும் குன்றிமணி எடையும் அத்துகளைப் போன்றதே. ஒரு நாளில் தெரியாது. நாளடைவில் திரண்டு வியாபாரத்தின் பரக்கத்தையே மறைத்துவிடும். விட்டுவிட்டாலோ, அம்மின்னல் தணிந்ததுபோல் அதுவும் தணியும். குறைத்ததை உரியவருக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் நம் தௌபா முழுமையாகும். இன்றே தராசைச் சரிசெய்வோம். அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.