ஐயத்திற்கும் சான்று வேண்டும்!

ஆங்கிலத்தில் 'ஃபிரிஸ்க்' என்றொரு சொல் உண்டு. ஆட்டுக்குட்டி துள்ளி விளையாடுவதைக் குறிக்கவும் அச்சொல்லே. தெருவோடு போகிறவனை நிறுத்தி, அவன் உடைமீது காவலர் கைவைத்துத் தடவிச் சோதிப்பதைக் குறிக்கவும் அச்சொல்லே! 'நிறுத்து, தடவிப்பார்' என்பது சொல்லுவோர்க்கு எளிது. ஊரார் பார்க்க, சுவரை நோக்கிக் கைகளை உயர்த்தி நிற்பவனுக்கன்றோ தெரியும் அதன் கொடுமை!

காவலர் கடமையை நாம் இகழவில்லை. 1963 அக்டோபர் 31 அன்று, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், மெக்ஃபேடன் என்ற துப்பறியும் அதிகாரி, இருவர் ஒரு கடையின் சன்னலை மாறி மாறி எட்டிப் பார்ப்பதையும், கூடிப் பேசுவதையும், மீண்டும் எட்டிப் பார்ப்பதையும் கண்டார். கொள்ளைக்கு வேவு பார்க்கின்றனரோ என ஐயுற்றார்; அணுகினார்; தடவிப் பார்த்தார். இருவரிடமும் கைத்துப்பாக்கி இருந்தது!

வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 'டெர்ரி எதிர் ஒஹையோ' என்ற அவ்வழக்கில், 1968 ஜூன் 10 அன்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தீர்ப்பளித்தார். பெயரைச் சிறிதாக்குவதால் செயல் சிறிதாகிவிடாது. இதுவும் சோதனையே என்றார். எனினும், 'நியாயமான ஐயம்' இருந்தால் ஆயுதம் தேடி மேலாடையைத் தடவலாம் என்று இசைவளித்தார். வெறும் ஊகம் போதாது. எடுத்துக்காட்டத்தக்க உண்மைகள் வேண்டும் என்று எல்லையும் வகுத்தார். நீதிபதி டக்ளஸ் ஒருவர் மட்டும் மறுத்தார். நீதிபதிக்கே இல்லாத அதிகாரத்தைக் காவலர் கையில் கொடுப்பதா என்பது அவர் கேள்வி.

அக்கேள்விக்கு விடை நியூயார்க் நகரத் தெருக்களில் கிடைத்தது. 2004 சனவரி முதல் 2012 ஜூன் வரை அங்கே நடந்த நிறுத்தல்கள் ஏறத்தாழ 44 இலட்சம்! அவற்றில் 100க்கு 88இல் கைதும் இல்லை, வழக்கும் இல்லை. ஆயிரம் பேரைத் தடவினால் ஏறத்தாழ 15 பேரிடமே ஆயுதம் அகப்பட்டது. நிறுத்தப்பட்டோரில் 100க்கு 52 பேர் கறுப்பர். நகர மக்களிலோ அவர்கள் 100க்கு 23 பேரே!

"குற்றம் மிகுந்த இடத்தில்தானே தேடுவார்கள்?" என்பர் சிலர். கணக்கைக் கேட்போம். நிறுத்தப்பட்ட கறுப்பரில் ஆயுதம் சிக்கியது 100க்கு 1.0, வெள்ளையரில் 1.4! நிறத்தைப் பார்த்தது கண். 'நியாயமான ஐயம்' என்று எழுதியது கை. 2013 ஆகஸ்டு 12 அன்று நீதிபதி ஷிரா ஷைன்ட்லின், நகரம் இதை நடத்திய முறை அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். 2011இல் 6,85,000ஐத் தாண்டிய நிறுத்தல்கள், 2017இல் 12,000க்கும் கீழே இறங்கின. ஊர் அழிந்ததா? 2011இல் 500க்கு மேல் இருந்த கொலைகள், 2017இல் 300க்கும் குறைந்தன! தடவல் குறைந்ததால்தான் கொலை குறைந்தது என்று நாம் கூறவில்லை. தடவல் குறைந்தால் கொலை பெருகும் என்ற அச்சம் பொய்த்தது என்றே கூறுகிறோம்.

பலருடைய பாதுகாப்புக்காகச் சிலருடைய மானத்தைக் கேட்கலாமா? எல்லோரும் செலுத்தினால் அது வரி. ஒரு சாரார் மட்டும், பிறந்த நிறத்திற்காகச் செலுத்தினால் அது தண்டம்!

ஐயம் பகுத்தறிவாளனின் கருவி. ஆனால் நம் ஐயம் கருத்தைச் சோதிப்பது. சான்று பொய்த்தால் தன்னையே திருத்திக்கொள்வது. சான்று கேட்காத ஐயத்திற்குப் பெயர் வேறு. அது மூடநம்பிக்கை, சீருடை அணிந்த மூடநம்பிக்கை!

எனவே தோழர்களே, அதிகாரம் சின்னஞ்சிறு சொல்லொன்றைச் சொல்லும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டியவை மூன்று: யார்மீது? எத்தனை முறை? கண்டது என்ன? இம்மூன்றுக்கும் விடை வரும்வரை, அச்சொல்லை நாம் நிறுத்திச் சோதிப்போம்!