அரசியின் காலணிக்கு நாலாயிரம் பணம்

மதுரை நாயக்கர் ஆட்சியில் சோழபுரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வெள்ளிக்காசு பார்ப்பது அரிது. பெரிய கொடுக்கல் வாங்கல் பொன் வராகனிலும் பொன் பணத்திலும் நடந்தது. சந்தைச் சில்லறைக்குச் செப்புக்காசு. கிழக்கே முத்துக்குளித்துறையில் போர்ச்சுகீசியர் வந்து உட்கார்ந்த பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. வரி கேட்க வந்தவர்களும் நம் ஊர்ப் பணத்தில்தான் கேட்டார்கள்.

எதற்குக் கேட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. அந்தக் கரையின் பரதவர் கட்டிய தொகையில் நாலாயிரம் பொன் பணம் போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. கயிற்றில் கட்டிய கல்லில் கால்வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு கடலின் அடிக்குப் போய்ச் சிப்பி அள்ளியவர்கள் கட்டிய தொகை அது. 1542இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், அந்தப் பணத்தைச் சிறுவர்களுக்கு மறைக்கல்வி போதிக்கும் உபதேசியார்களின் சம்பளத்துக்கு விட்டுத்தரும்படி அரசி கத்தரீனாவுக்கு எழுதினார். அரசியும் சம்மதித்தார். நல்ல காரியம்தான். செலவுத் தலைப்பு மாறியது, கட்டுகிறவர் மாறவில்லை.

கோவாவில் போர்ச்சுகீசியரின் சொந்த முத்திரை செல்லுபடியானது. 1510இல் ஊரைப் பிடித்த கையோடு அங்கே காசு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பின்னாளில் வந்த செராபிம் என்ற வெள்ளிக்காசில் ஒரு பக்கம் புனித செபஸ்தியார், மறுபக்கம் அம்புக்கட்டு. 1580களில் கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், அதில் வெள்ளியின் தரம் மட்டம் என்றும், கள்ளக்காசு மலிந்ததால் காசின் தரம் பார்க்கும் சராப்பிடம் காட்டாமல் யாரும் காசு வாங்குவதில்லை என்றும் எழுதிவைத்திருக்கிறார். தெருவுக்குத் தெரு சராப்புகள் உட்கார்ந்திருந்தார்களாம். மன்னரும் புனிதரும் சேர்ந்து கொடுத்த உத்தரவாதத்துக்கு மேல் சராப்பின் ஒரு தலையாட்டல் தேவைப்பட்டது.

அந்த வெள்ளியாவது சொந்தமா என்றால், அதுவும் பெரும்பாலும் இரவல். தென் அமெரிக்காவின் பொட்டோசி மலையில் 1545இல் வெள்ளி கிடைத்தது. மலை ஸ்பெயினின் கையில். 1573 முதல் சுற்றுவட்டார மாகாணங்களின் பழங்குடி ஆண்களில் ஏழில் ஒருவர், முறைவைத்து, கட்டாயமாக அங்கே போக வேண்டும். அவர்கள் தோண்டிய வெள்ளியில் அடித்த எட்டு ரியால் காசு, ஒன்று சுமார் 27 கிராம், லிஸ்பன் வழியாகக் கோவாவுக்குக் கப்பலேறி மிளகாகவும் துணியாகவும் மாறியது. காசின் மேல் யார் தலை இருந்தாலும் உலோகம் அடுத்தவன் மலையுடையது, வரும்படி அடுத்தவன் கடலுடையது. பேரரசு என்று நாம் மரியாதையாகச் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போயிற்று, கோவா மிஞ்சியது. 1878இல் பிரிட்டிஷாரோடு செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு கோவாவுக்குப் புதிய வெள்ளி ரூபாய் வந்தது. 1881ஆம் ஆண்டிட்ட அந்தக் காசில் மன்னர் முதலாம் லூயிஸின் தலை. எடையும் மாற்றும் பிரிட்டிஷ் இந்திய ரூபாயுடையவை. அதை அடித்துக் கொடுத்தது கல்கத்தா நாணயச்சாலை.