தேர்க்காலும் முட்டுக்கட்டையும்

ஜகர்நாட் என்றொரு சொல் ஆங்கில அகராதியில் உண்டு. அன்றாடப் பேச்சில் அதிகம் அடிபடாத அச்சொல்லுக்கு, எதிர்ப்பட்டது இன்னதென்று பாராமல் நசுக்கிக்கொண்டு போகும் குருட்டு வேகம் என்று பொருள் எழுதியிருக்கிறார்கள். பிரிட்டனில் ராட்சச லாரிகளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள எங்கள் மாக் மண்டின் தொழிற்பேட்டைப் பக்கம் கொள்கலன் சுமந்து உறுமிச் செல்லும் வண்டிகளை ஓர் ஆங்கிலேயர் கண்டால் அப்பெயரால் அழைக்கக்கூடும். அச்சொல்லின் மூலமோ, பூரி க்ஷேத்திரத்தில் எழுந்தருளியிருக்கும் ஜகந்நாதனுடைய திருநாமம். உலகுக்கெல்லாம் நாதன் என்று பக்தன் கைகூப்பிச் சொல்லும் பெயர், உலகை நசுக்கும் ஜடசக்திக்குப் பெயரானது எங்ஙனம் என்று ஆராயப் புகுந்தால், ஈசுவரனுடைய பேராற்றலின் இயல்பு யாது என்ற தத்துவ விசாரத்தில் அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரத தேசத்தில் யாத்திரை செய்த ஒதோரிக் என்னும் இத்தாலியப் பாதிரியார், தேர் உத்ஸவத்தில் பக்தர்கள் சக்கரத்தின் கீழ் விழுந்து உயிர் துறப்பதாக எழுதிவைத்தார். அவர் குறித்த தேசம் ஒடிசாவன்று. அராபிய வணிகர்கள் மாபார் என்று வழங்கிய நம் சோழமண்டலக் கரையே. பிற்பாடு அக்கதை வடக்கே நகர்ந்து பூரியில் நிலைகொண்டது. 1806இல் பூரிக்குச் சென்ற கிளாடியஸ் புக்கானன் என்ற பாதிரியாரின் வர்ணனைகள் இங்கிலாந்து முழுவதும் அதைப் பரப்பின. ஆங்கில அரசின் உத்தியோகஸ்தரான ஹண்டர், ஒடிசாவைப் பற்றி 1872இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்து, அத்தகைய மரணங்கள் மிக அரியவை என்றும், பெரும்பாலும் நெரிசலில் நேர்ந்த விபத்துகளே என்றும், விஷ்ணு சந்நிதியில் உயிர்ப்பலி அம்மதத்தின் நெறிக்கே விரோதமானதென்றும் எடுத்துரைத்தார். தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்த பர்னலும் அவருடைய நண்பர் யூலும் தொகுத்து, பர்னல் காலமான பின் 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இச்சொல்லின் பூர்வ சரித்திரத்தைக் காணலாம். மறுப்பு நூலகத்தில் தங்கிவிட்டது. அபவாதம் சொல்லோடு சேர்ந்து உலகம் சுற்றுகிறது.

அபவாதத்தைக் காட்டிலும் அதனுள் ஒளிந்திருக்கும் கொள்கையே என் மனத்தை வருத்துகிறது. பெரியதோர் ஆற்றல் புறப்பட்டுவிட்டால் அதற்குக் கண் இல்லை, கருணை இல்லை, அது செய்த கேட்டுக்குப் பதில் சொல்வாரும் இல்லை என்பதே அக்கொள்கை. தேரைத் தூரத்தே நின்று கண்டவனுக்கு அப்படித் தோன்றலாம். வடம் பிடித்தவனுக்குத் தோன்றாது. 96 அடி உயரமென்று சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் யந்திரத் தடையும் பொருத்திய பிற்பாடும், சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில், கையில் முட்டுக்கட்டையோடு குனிந்து நடந்து வருகிறவர்கள் இல்லாமல் அது ஒரு திருப்பமும் திரும்பாது. சக்கரம் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த நொடியில் கட்டையைச் செருக வேண்டும், எந்த நொடியில் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கண் இமைக்காமல் கவனிக்கும் அவர்களுடைய விழிப்பிலேதான் அத்தனை பேருடைய உயிரும் இருக்கிறது. காரியத்தைக் கெடுப்பவனை முட்டுக்கட்டை போடுகிறான் என்று நாம் ஏசுவது அந்தத் தொழிலாளிகளுக்கு இழைக்கும் அநீதி என்றே சொல்வேன்.

தேர் நசுக்கும் என்பதை நம் முன்னோர் அறியாதவர்களல்லர். அதே திருவாரூரில் மன்னன் மகன் ஏறிச் சென்ற தேரின் காலில் ஒரு பசுங்கன்று அகப்பட்டு மாண்டதையும், தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அசைத்ததையும், மனுநீதிச் சோழன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டதையும் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடினார். மணியோசை கேட்டு இறங்கி வந்த அரசன், வேகத்தின்மேலும் விதியின்மேலும் பழியைப் போட்டுவிட்டு அரண்மனைக்குள் திரும்பிவிடவில்லை. பேசாத ஜீவனுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டதே அதிகாரம் என்ற இந்தத் தர்மத்துக்கும், ஜகர்நாட் என்ற சொல்லின் உட்கிடைக்கும் இடையே சமரசம் செய்ய இயலாது.

பினாங்கில் தைப்பூசத்துக்கு முதல் நாள், நகரத்தார் 1894இல் காரைக்குடியிலிருந்து கப்பலேற்றி வருவித்த வெள்ளி ரதம் பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் புறப்படுகிறது. இக்கரையிலிருந்து ஃபெர்ரி ஏறிச் சென்று அதைத் தரிசித்தவர்கள் அதன் நடையை அறிவார்கள். காளைகள் இழுக்கும் அந்த ரதம், அர்ச்சனைத் தட்டு ஏந்தியவர்களுக்காக நின்று நின்று, தமிழரும் சீனரும் மலைபோல் குவித்து உடைத்த தேங்காய்களின் நடுவே ஊர்ந்து செல்லச் சில மைல் தூரத்துக்கு ஒரு பகல் முழுதும் பிடிக்கிறது. கோயிலுக்கு வர இயலாத முதியவருக்கும் நோயாளிக்கும் வாசலிலேயே தரிசனம் தரவே இறைவன் வீதிக்கு எழுந்தருளுகிறான் என்பது ஆகம மரபறிந்தோர் கூற்று. எல்லையற்ற ஆற்றல், எளியவன் வீட்டு வாசலில் தானே விரும்பி நிற்பதைத்தான் பெரியோர் சௌலப்பியம் என்றார்கள். பேராற்றலின் பூரணம் அங்கேதான் வெளிப்படுகிறது என்று நான் நம்புகிறேன்.

இவ்வளவும் சொன்ன பின், அந்த ஆங்கிலச் சொல் முழுப்பொய் என்று சாதிக்க என் மனம் ஒப்பவில்லை. வெள்ளி ரதம் பிறந்த காரைக்குடிக்கு அதிக தூரமில்லாத கண்டதேவியில், தேர்வடம் தொடும் உரிமை தலித் மக்களுக்கு மறுக்கப்பட்டு, 1990களின் பிற்பகுதியிலிருந்து வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. வீதிக்கு வந்த சுவாமியின் வடத்தை ஒரு சாரார் தொடலாகாது என்று தடுக்கும்போது, அந்தத் தேர் எவர்மீதும் ஏறாமலே மனிதரை நசுக்குகிறது. ஒதோரிக் எழுதியதற்கு மறுப்பு எழுத ஹண்டர் ஒருவர் கிடைத்தார். இதற்கு மறுப்பு வடம் பிடிக்கும் கைகளிலிருந்துதான் வரவேண்டும்.