துளசி போட்ட எலுமிச்சை

சனிக்கிழமை சாயங்காலங்களில் நான் குடிக்கிறேன். விழுப்புரத்தில் பாடம் நடத்திவிட்டுத் திண்டிவனம் திரும்பி, கதவைத் தாழிட்டுக்கொண்டு, நிதானமாகச் செய்கிறேன். எட்டுத் துளசி இலையை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் போதும், நசுக்கினால் கசந்துவிடும். அரை மூடி எலுமிச்சை, இரண்டு ஸ்பூன் சர்க்கரைப் பாகு, 60 மில்லி ஜின். ஐஸ் போட்டுக் குலுக்க என்னிடம் இருப்பது பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்தான். வடிகட்டி, மேலே சோடா. எலுமிச்சைத் தோலைக் கிள்ளிப் போட்டால் அந்த வாசனைக்கே பாதிக் களைப்பு போய்விடும்.

ஆண் குடித்தால் பழக்கம், பெண் குடித்தால் நடத்தை. இந்தக் கணக்கோடு பல வருடம் சண்டை போட்டிருக்கிறேன், பெரும்பாலும் எனக்குள்ளேயே. இப்போதும் அதை ஏற்கவில்லை. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒருநாள் நேரம் தப்பி வந்துவிட்டார்.

"என்னா டீச்சரம்மா அது?"

"லெமன் ஜூஸ்க்கா."

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவர் கணவர் குடித்துவிட்டு வந்து அடித்த வீக்கம் அன்றும் முழங்கையில் இருந்தது. அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் பொய் சொன்னேன் என்று கொஞ்ச நாள் நம்பினேன்.

இந்த மாவட்டத்தில் குடியைப் பற்றிப் பேசுவது லேசல்ல. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது ஆட்சியில் இருந்தவர் திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூர்க்காரர், ராமசாமி ரெட்டியார். 1971இல் விலக்கு நீங்கியது, திரும்ப வந்தது, மறுபடி நீங்கியது. 2003 முதல் டாஸ்மாக்கே சில்லறையில் விற்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி. 2019 வரை அதுவும் விழுப்புரம் மாவட்டம்தான். அங்கே அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தலைவிரிகோலமாக அழுத மனைவிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். செத்தவர்களிலும் பெண்கள் இருந்தார்கள் என்பது பேச்சில் எங்கோ அமுங்கிப்போனது. குடித்துச் செத்த பெண்ணை வைத்துக்கொண்டு மேடையில் என்ன பேசுவது? அவள் அழுகிற மனைவியும் இல்லை, என்னைப்போல் உரிமை பேசுகிறவளும் இல்லை.

என் டம்ளரில் இருப்பது முத்திரை உடைக்காமல் வந்த சரக்கு. அளவு அச்சிட்டிருக்கிறது, கண்ணைப் பறிக்காது. அதைக்கூடக் கடையில் நின்று வாங்கித் தருவது தோழியின் தம்பி. சுதந்திரம் என்று நான் சொல்லிக்கொள்வதில் பாதி தாழ்ப்பாள், பாதி சம்பளம். அக்காவிடம் இரண்டும் இல்லை. அந்த வித்தியாசத்தை அவர் கண்ணால் பார்த்துவிடக் கூடாது, அதற்காகத்தான் பொய். குடிப்பது என் இஷ்டம் என்று இன்றும் சொல்வேன். ஆனால் எதைத் தெரிந்துகொண்டால் அவர் தாங்குவார் என்று தீர்மானிக்க நான் யார்? பெண்களுக்காகப் பேசுகிறோம் என்று ஆண்கள் மேடையில் செய்வதைத்தான் நான் சமையலறையில் செய்தேன்.

போன மாதம் உண்மையைச் சொன்னேன். அவர் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும் டீச்சரம்மா. கிளாஸ கழுவுறது நான்தான?"

கொஞ்ச நேரம் கழித்து, "துளசிய மட்டும் அந்தத் தொட்டியிலேர்ந்து பறிக்காதீங்க. நான் தண்ணி ஊத்திக் கும்புடுற செடி," என்றார். பிறகு, "குடிச்சா உங்களுக்கு என்னா ஆவும்?"

"தூக்கம் வரும்க்கா."

"எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?"

வேறு துளசிச் செடி வாங்கி வைத்துவிட்டேன். கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.