"யானை பாத்தீங்களா?"

தேக்கடிக்குப் போய் வந்தவரைப் புதுக்கோட்டைப் பக்கத்தில் முதலில் கேட்பது, "யானை பாத்தீங்களா?" என்றுதான். பார்த்தோம் என்றால் பயணம் பலித்தது. இல்லையென்றால் கேட்டவர் முகமும் சேர்ந்து வாடிவிடும். பரிவோடு கேட்பதுதான். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்கு வரவர உறுத்துகிறது.

முல்லைப்பெரியாறு அணை 1895இல் கட்டி முடிக்கப்பட்டபோது மூழ்கிய பள்ளத்தாக்குதான் இன்றைய தேக்கடி ஏரி. அன்று நீருக்குள் போன மரங்களின் கருத்த அடிமரங்கள் நூறாண்டு கடந்தும் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் உச்சியில் பாம்புத்தாரா சிறகை அகல விரித்து உட்கார்ந்திருக்கும். அதன் இறகு நன்றாக நனைந்துவிடும். அதனால்தான் சுலபமாக முங்கி மீன் பிடிக்கிறது, அதனாலேயே கரையேறிக் காயவேண்டியும் இருக்கிறது. நான் போன படகில் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் கரைமேல். மழைக்காலம் அது. காடெங்கும் ஓடை ஓடும்போது யானை ஏன் ஏரிக்கு வரப்போகிறது? உள்ளே நீர் வற்றும் மார்ச், ஏப்ரலில்தான் கூட்டமாக இறங்கும். "காசு தண்டம்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

2009 செப்டம்பர் 30 அன்று அதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். படகின் அமைப்பு, ஏற்றிய ஆட்கள் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. கரையில் தெரிந்த விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள் என்றும் அப்போது செய்தி வந்தது. இறந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சீட்டு வாங்கி, நேரம் குறித்து, விலங்கைக் காட்டுகிறோம் என்று கூட்டிப்போனால் யார் காலும் அந்தப் பக்கம்தான் போகும். காட்டை நாம் பார்ப்பதற்கென்றே வைத்திருப்பதாக எண்ண ஆரம்பித்த பிறகு, அது முகம் காட்டாத நாளெல்லாம் நமக்கு நஷ்டக் கணக்காகிவிடுகிறது.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் மழைக்காடு கிடையாது. பஸ்ஸில் போகிறவர் கண்ணில் படுவது தைலமரக் காடு. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று விவசாயிகள் நெடுநாளாகப் போராடிவரும் காடு. ஆனால் ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் கோயில்காடுகள் இருக்கின்றன. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் இவற்றை வகைப்படுத்துகிறார்கள். அரையப்பட்டி, மறமடக்கி காடுகளில் மரம் மரமாக எண்ணிப் பதிவு செய்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே ஆண்டு முழுவதையும் ஓட்டவேண்டிய மண். அதிலும் இலை உதிர்த்து மொட்டையாகாமல் நிற்கின்றன வீரையும் காசானும் உலக்கைப்பாலையும். ஒரு வீரை இலையைக் கையில் வாங்கிப் பாருங்கள். தடிப்பாக, விறைப்பாக, மேலே மினுக்கத்தோடு இருக்கும். உள்ளிருக்கும் ஈரத்தை வெயிலுக்கு விட்டுக்கொடுக்காத இலை.

சின்ன வயதில் என்னை அய்யனார் காட்டுக்குள் கூட்டிப்போனவர் அப்பத்தா. எல்லையிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வார். "சத்தம் போடாதப்பா, அய்யா பாத்துக்கிட்டு இருக்காரு." திரும்பும்போது முந்தானையை ஒருமுறை உதறுவார். ஒட்டிக்கொண்ட சருகோ விதையோ வீட்டுக்கு வந்துவிடக்கூடாது. அது அய்யா சொத்து. அந்தக் காட்டில் என்ன பார்த்தாய் என்று அவரை யாரும் கேட்டதில்லை. அவர் பார்க்கப் போகவில்லை. அய்யாவின் பார்வையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வரத்தான் போனார்.

இந்த இரண்டு போக்குக்கும் நடுவே பெரிய தூரம் இருப்பதாக எனக்குப் படுகிறது. நாம் பார்க்கப்படுகிறோம் என்று நினைக்கிறவர் குரலைத் தாழ்த்துகிறார், கையைக் கட்டுப்படுத்துகிறார். யானை எதிர்ப்படவில்லை என்று அவர் கோபித்துக்கொள்ள வழியே இல்லை. தேக்கடியைச் சுற்றியுள்ள பெரியாறு காட்டில் முன்பு திருட்டுத்தனமாகக் காட்டிலவங்கப் பட்டை உரித்தவர்களை 1990களின் பிற்பகுதியில் வனத்துறையே குழுவாகச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் இன்று பயணிகளைக் கால்நடையாகக் காட்டுக்குள் கூட்டிப்போகிறார்கள், காவலும் பார்க்கிறார்கள். ஒளிந்து திரிந்த காலத்தில் காட்டின் கண்ணை அறிந்தவர்கள் அவர்கள். அவர்கள் பின்னால் நடப்பது படகைவிட நல்லது என்பேன்.

அப்பத்தாவின் நம்பிக்கை எனக்கு முழுதாக இல்லை. என் தங்கை பிள்ளைகளுக்கு அறவே இல்லை. அவர்களிடம் அய்யா பார்க்கிறார் என்றால் சிரிப்பார்கள். அதனால் கோயில்காட்டுக்குக் கூட்டிப்போய்த் தவிட்டுக்குருவிகளைக் காட்டினேன். நாங்கள் நுழைந்ததும் கூட்டமாகக் கத்தித் தீர்த்தன. "நாம வந்தது காட்டுக்கே தெரிஞ்சுபோச்சு" என்றேன். பெரியவன் போனில் ஓடிய பாட்டை அணைத்தான். "அதுகளுக்கு நம்மளப் பிடிக்கலையா மாமா?" என்றாள் சின்னவள். நம்மை இன்னும் தெரியாதே என்றேன். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது.

சாமி பார்க்கிறார் என்ற நம்பிக்கை மட்டுமே காட்டைக் காத்துவிடும் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. கீரமங்கலம் அருகே குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில், முப்பது அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரைக்கு மாசி மகத்தன்று மலைமலையாகக் காகித மாலை சாத்துகிறார்கள். அந்தப் பக்தியின் முன் நானும் கைகூப்பியிருக்கிறேன். ஆனால் பல ஊர்க் கோயில்காடுகளில் கூட்டம் கூடக்கூட மண்டபம் எழும்புகிறது, சிமெண்டுத் தளம் போடுகிறார்கள், வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று வீரையை வெட்டுகிறார்கள். ஒரு வீரை அடிமரம் தொடைப் பருமன் ஆவதற்குள் இரண்டு தலைமுறை கடந்துவிடும்.

மண்டபம் கட்டுவதென்றால் காட்டுக்கு வெளியே கட்டுவோம், வண்டிகள் தார்ரோட்டோடு நிற்கட்டும் என்று எங்கள் ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடுத்த திருவிழாவுக்குக் கூட்டம் போடும்போது மறுபடியும் சொல்வேன்.