நிற்கும் உடல் எவருக்கு உரியது?

கால் சிரைகளில் ரத்தம் கீழே இறங்காதபடி தடுக்கும் சிறு வால்வுகள் உண்டு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. வால்வு மூடிக்கொண்டு அதைத் திரும்பவிடாமல் காக்கிறது. ஒரே இடத்தில் நிற்பவருக்கோ அந்தத் தசை ஓய்ந்துவிடுகிறது; ரத்தத்தின் பாரம் முழுவதும் வால்வுகள் மேல் இறங்குகிறது. பரம்பரை, பிள்ளைப்பேறு, உடல் பருமன் ஆகியவற்றோடு நெடுநேர நிற்பும் சேர்ந்தால் வால்வுகள் தளர்ந்து சிரை புடைத்து நெளிகிறது. ஊர்வழக்கில் இதுதான் நரம்புச் சுருட்டல். மாலையில் கால் கனக்கும். இரவில் கெண்டை இழுக்கும். கணுக்கால் தோல் கறுக்கும். முற்றினால் ஆறாத புண் வரும். நின்று வேலை செய்வோர் இந்நோய்க்காக மருத்துவமனையில் சேர்வது மற்றவர்களைவிட அதிகம் என்று, டென்மார்க்கில் 12 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்று 2005-இல் காட்டியது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகளில் காரும் செல்போனும் டயரும் மோட்டார் சைக்கிளும் உருவாகின்றன. அங்கே அசெம்பிளி லைன் வேலை என்றாலே பெரும்பாலும் நிற்கும் வேலைதான். லைன் நகர்ந்துகொண்டே இருக்கும். அதில் நிற்பவரின் கால் நகர்வதில்லை.

நரம்புச் சுருட்டலுக்கு முன்பெல்லாம் தொடையிடுக்கில் கீறி, கெட்ட சிரையை உருவி எடுப்பார்கள். இப்போது சூடு அந்த வேலையைச் செய்கிறது. முழங்கால் அருகே ஓர் ஊசித்துளை வழியாக லேசர் இழையோ ரேடியோ அலைவரிசைக் கதீட்டரோ சிரைக்குள் செல்கிறது. அதன் முனை எங்கே இருக்கிறது என்பதை மருத்துவர் ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே நகர்த்துகிறார். சிரையைச் சுற்றிலும் மரப்பு மருந்து கலந்த உப்புநீர் ஏற்றப்படுகிறது. அது வலியை அடக்குவதோடு, சூடு தோலையும் அருகிலுள்ள நரம்பையும் தாக்காமல் தடுக்கிறது. பரவலாக வழங்கும் ரேடியோ அலைவரிசைக் கருவியில் 7 செ.மீ. நீள முனை 120 டிகிரி செல்சியஸில் 20 விநாடி சூடாகிறது. பிறகு அடுத்த பகுதிக்கு இழுக்கப்படுகிறது. சிரையின் சுவர் சுருங்கி மூடிக்கொள்ள, ரத்தம் நல்ல சிரைகள் வழியே போகிறது. அன்றே நடந்து வீடு திரும்பலாம். சிலருக்குத் தோல் மரத்துப்போவதும், அரிதாக ஆழ்சிரையில் ரத்தம் உறைவதும் உண்டு. 2013-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டல் அமைப்பான நைஸ், பொருத்தமான நோயாளிகளுக்கு அறுவைக்கு முன்பாக இம்முறையையே பரிந்துரைத்தது.

நெருப்பால் நோய் தீர்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சுஸ்ருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் அக்னிகர்மத்துக்குத் தனி அத்தியாயமே உண்டு. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில், சுட்டுத் தீர்க்கும் சுட்டிகையும் ஒன்று. புதிதாக இருப்பது, சிகிச்சை முடிந்து சில நாள்களில் அதே கால் அதே இடத்தில் போய் நிற்பதுதான். மூடிய சிரை மூடியே இருக்கலாம். மற்றச் சிரைகள் பழைய பாரத்தைத் தாங்கியாக வேண்டும். அப்படியானால் அந்த உடல் எவருக்காகக் குணமாக்கப்பட்டது?

இதற்கு ஆழமான விடை தருபவர், 1017-இல் ஸ்ரீபெரும்புதூரிலேயே பிறந்ததாக மரபு சொல்லும் இராமானுஜர். உடல் என்றால் என்ன என்ற கேள்வியை, தம் பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் அவர் எடுத்துக்கொள்கிறார். புலன்களின் இருப்பிடம், வினைப்பயனை நுகரும் கருவி என்பன போன்ற வரையறைகளை ஒதுக்கிவிட்டு, உறவை வைத்து உடலை வரையறுக்கிறார். அறிவுள்ள ஓர் ஆன்மா தன் நோக்கத்துக்காக முழுமையாக இயக்கவும் தாங்கவும் வல்லதும், அந்த ஆன்மாவுக்கே சேஷமாய், அதாவது முழுவதும் உரியதாய், இருப்பதுமான பொருள் அதன் உடல். உலகமும் உயிர்களும் இறைவனுக்கு உடல் என்ற விசிஷ்டாத்வைதக் கொள்கை இதன் மேல்தான் நிற்கிறது.

வாதத்தால் முடங்கிய உடல் ஆன்மாவின் இயக்கத்துக்கு இணங்குவதில்லையே என்ற ஆட்சேபத்தையும் அவர் விடவில்லை. இயக்கும் ஆற்றல் அங்கேயும் இருக்கிறது, தடைபட்டிருக்கிறது என்பது அவர் பதில். அதற்கு அவர் காட்டும் உவமை நெருப்பு: ஏதோ ஒரு தடையால் சூடு வெளிப்படாதபோதும் நெருப்பு நெருப்புதான். இதன்படி பார்த்தால் மருத்துவர் செய்வது தடையை நீக்கி, உடலை அதற்கு உரிய ஆன்மாவிடம் ஒப்படைப்பது. லைனிடம் ஒப்படைப்பது அல்ல.

சேஷத்துவம்தான் ஆன்மாவின் பெருமை என்று சொல்லும் வைணவம், நின்று ஊழியம் செய்வதையும் பெருமையாகத்தானே கொள்ளும் என்று கேட்கலாம். தம் மற்றொரு நூலான வேதார்த்த சங்கிரகத்தின் இறுதிப் பகுதியில் இராமானுஜரே இதை எதிர்கொள்கிறார். பிறருக்கு அடங்கி வாழ்வது துன்பம் என்று ஸ்மிருதி சொல்வது, தொண்டுக்குத் தகுதியற்றவர்களுக்குச் செய்யும் சேவையைப் பற்றியது. பரம்பொருளுக்குச் செய்யும் தொண்டே ஆன்மாவுக்கு இயல்பு, அதுவே இன்பம். நிறுவனத்துக்கு உழைப்பைத் தரலாம், நேரத்தைத் தரலாம். உடலின் சேஷத்துவத்தைத் தர முடியாது, அது ஏற்கெனவே வேறொருவருடையது. மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் ஒற்றைக் காலில் நிற்பவர் தாமே விரும்பி நிற்கிறார். ஆன்மா தன் நோக்கத்துக்காக உடலை நிறுத்துவதால்தான் அது தவம். சம்பளத்துக்காக நிறுத்தப்படும் காலுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது தவத்துக்கும் நியாயமல்ல, தொழிலாளிக்கும் நியாயமல்ல.

ஆகவே நாற்காலியும் சிகிச்சையின் பகுதியே. 2021-இல் தமிழ்நாடு சட்டப்பேரவை கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. தொழிற்சாலைகளுக்கு அதைவிடப் பழைய விதி இருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு, வேலையினிடையே ஓய்வு வாய்க்கும்போது உட்கார வசதி வேண்டும் என்று எழுதியது. ஓடும் லைனில் அந்த வாய்ப்பு தானாக வருவதில்லை. லைனின் வேகத்தை வகுப்பவர் அதற்கும் இடம் வைத்தால்தான் வரும். உட்கார்ந்தே திறம்படச் செய்யக்கூடிய வேலை என்று கருதினால், இருக்கை போடும்படி எழுத்துமூலம் உத்தரவிடும் அதிகாரத்தை அதே பிரிவு தலைமை ஆய்வாளருக்கும் கொடுத்தது. உட்கார முடியாத வேலைகளில், இடம் மாற்றி வேலை கொடுப்பதும், சற்று நடந்து வர இடைவெளி விடுவதும் கெண்டைக்கால் தசையை மறுபடி வேலை செய்ய வைக்கும்.